வெட்டும் ஒட்டும்: வாசகர் கேள்விகள்

ஃபிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டுகிற மூவியோலா இயந்திரத்தின் காலத்திலிருந்து கோடம்பாக்கத்தில் படத்தொகுப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கதைகள், படங்கள், தொடர்கள் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எம்.ஆர்., ஈரோடு: விபூதிபூஷண் எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ நாவலை ஆர். சண்முகசுந்தரத்தின் தமிழில் படித்தேன். அதில் சிறுமி துர்கா சாகும்வரை ரயிலைப் பார்ப்பதே இல்லை. அந்த ஏக்கம்தான் நாவலே. சத்யஜித் ராய் படத்தில் ரயிலைக் காட்டிவிட்டாரே, இது நாவலுக்குச் செய்த துரோகம் இல்லையா?

உங்கள் கோபம் நியாயம்தான். காய்ச்சலில் கிடக்கிறபோதும் துர்கா தம்பியிடம், உடம்பு சரியானதும் ஒருநாள் எனக்கு ரயிலைக் காட்டுவாயா என்றுதான் கேட்கிறாள். அவள் போன பிறகு ஊரைக் காலிசெய்துகொண்டு ரயிலேறும் அபுவுக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வருகிற இடத்தில் நானும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். 1955-இல் வந்த படத்தில் அந்த இடம் இல்லை.

இருந்தாலும் துரோகம் என்று சொல்ல மாட்டேன். ஒரு காட்சியைப் பார்த்தால் அதற்கு முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது, பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது என் தொழில் புத்தி. அந்தக் கண்ணோடு ரயில் காட்சியைப் பாருங்கள். அக்காளும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வெள்ளை வெளேரென்று நாணல் பூத்துக் கிடக்கிற வெளி. துர்கா கரும்பு கடிக்கிறாள். கம்பத்தில் காதை வைத்தால் ஏதோ இரைகிறது. தூரத்தில் கரும்புகை. இரண்டு பேரும் ஓடுகிறார்கள். துர்கா தடுக்கி விழுந்து பின்தங்கிவிடுகிறாள், அபு மட்டும் தண்டவாளம்வரை போய்விடுகிறான். அந்த நேரம் பார்த்து காமிரா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறது. நமக்கும் பையனுக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது. சக்கரங்களின் இடுக்கில் அவன் விட்டு விட்டுத் தெரிகிறான்.

வீடு திரும்புகிற வழியில் மூங்கில் தோப்பு. அங்கே இந்திர் பாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கிழவி விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துத் துர்கா தொட்டு அசைக்கிறாள். பாட்டி அப்படியே சாய்கிறாள். அவளுடைய சொம்பு உருண்டு போய்த் தண்ணீரில் விழுகிறது.

இப்போது நாவலை எடுத்துப் பாருங்கள். அதில் இந்திர் பாட்டி ஆரம்பத்திலேயே, துர்கா சின்னக் குழந்தையாக இருக்கும்போதே செத்துப்போகிறாள். ராய் அந்தச் சாவைப் பல வருஷம் தள்ளிக்கொண்டு வந்து ரயிலுக்கு அடுத்தாற்போல ஒட்டியிருக்கிறார். ரயிலைக் காட்டியதைவிடப் பெரிய மாற்றம் இந்த ஒட்டுதான். அந்தக் குழந்தைகளுக்கு முதல் ரயிலும் முதல் சாவும் ஒரே பகலில் வந்து சேர்கின்றன. விபூதிபூஷண் நூற்றுக்கணக்கான பக்கம் நம்மை அந்தப் பெண்ணோடு ஏங்கவைத்த பிறகு அந்த ஏக்கத்தைத் தீர்க்காமல் விட்டார். பக்கங்கள் இருந்தால் அது முடியும். இரண்டு மணிநேரப் படத்தில் பார்க்காத ஒரு ரயிலுக்காக நாம் ஏங்க மாட்டோம், அப்படி ஒன்று இருந்ததையே மறந்துவிடுவோம். ராய் ரயிலைக் கொடுத்து அதே கையோடு பாட்டியைப் பறித்துக்கொண்டார். படத்திலும் துர்காவுக்கு ரயில் சரியாகக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காய்ச்சல் விட்டதும் இன்னொரு தடவை போவோம் என்று தம்பியிடம் அங்கேயும் சொல்கிறாள்.

அந்த நாணல் காட்சிதான் முதன்முதலில் எடுக்கப்பட்டது, 1952 அக்டோபரில். பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கக் காத்திருந்து மீதியை எடுத்தார்கள். வெவ்வேறு வருஷத்துத் துண்டுகளை ஒரே பகல்போல ஒட்டியவர் துலால் தத்தா. ராயின் படங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் எடிட்டர். ராய் பெயர் சொல்கிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்வதில்லை. அதற்காகவே இவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சு.ரா., மதுரை: உங்களுக்குப் பிடித்த நடிகை யார்? மழுப்பாமல் சொல்லவும்.

சுனிபாலா தேவி. மேலே சொன்ன இந்திர் பாட்டியாக நடித்தவர். நடிக்க வந்தபோது அவருக்கு வயது 80. நாடகத்தில் இருந்தவர், பேசாப்பட காலத்தில் கொஞ்சம் தலைகாட்டிவிட்டு, பிறகு எல்லோராலும் மறக்கப்பட்டவர். அவரைத் தேடிப்போன ராய், பழைய தாலாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டாராம். ராய்க்குத் தெரிந்ததைவிட அதிக வரிகளை அந்தக் கிழவி மனப்பாடமாகச் சொன்னாராம். சம்பளம் நாளுக்கு 20 ரூபாய்.

பாடையில் வைத்துத் தூக்கிப்போகிற ஷாட்டை எடுத்து முடித்து இறக்கி வைத்தால் அம்மாளிடம் அசைவில்லை. எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ஷாட் முடிந்துவிட்டதா, ஒருத்தரும் சொல்லவில்லையே, நான் இன்னும் செத்துக்கொண்டிருக்கிறேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். அதற்குப் பிறகு எந்த நடிகையைப் பிடிக்கும்?

ஜே.பி., நாகர்கோவில்: ஆர்ட் படம் என்றால் என்ன? ஒரு வரியில்.

எங்கே இடைவேளை விடுவது என்று ஆபரேட்டர் முழிக்கிற படம்.

வி.கே., கோயம்புத்தூர்: வெப் சீரிஸில் கழுத்தை அறுத்தால் ‘வன்முறை’ என்கிறீர்கள். உலக சினிமாவில் அறுத்தால் ‘கலை’ என்கிறீர்கள். என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி, கொஞ்சம் குத்தலோடு கேட்டிருந்தாலும். கலை என்ற சொல்லை எடுத்துவிட்டு நிமிடக் கணக்கில் பேசுவோம். எனக்கு அதுதான் தெரியும்.

1988-இல் தூர்தர்ஷனில் ‘தமஸ்’ வந்தது. பீஷ்ம சாஹ்னியின் இந்தி நாவல், கோவிந்த் நிஹலானி இயக்கியது. பிரிவினைக் கலவரத்தைப் பற்றிய கதை. ஆனால் தொடங்குவது ஒரு பன்றியைக் கொல்வதில். தோல் வேலை பார்க்கும் நத்துவிடம் ஊரில் செல்வாக்குள்ள ஒருவன், கால்நடை மருத்துவருக்குத் தேவை என்று சொல்லி ஒரு பன்றியைக் கொன்று தரச்சொல்லி ஐந்து ரூபாய் கொடுக்கிறான். நத்துவுக்குப் பன்றி கொன்று பழக்கமில்லை. இருட்டு, சின்ன விளக்கு, அடைத்த குடிசை, ஒரு கொழுத்த பன்றி. குத்துகிறான், சாகமாட்டேன் என்கிறது. மூச்சு வாங்க உட்காருகிறான். மறுபடி குத்துகிறான். நத்துவாக நடித்த ஓம் பூரியின் முகத்தில் வழிகிற வியர்வையை நீங்கள் துடைத்துவிடலாம் போல இருக்கும். விடிந்தால் அந்தப் பன்றி மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. பிறகு நடக்கிற கொலைகளில் பலவற்றை நிஹலானி நேராகக் காட்டுவதே இல்லை, புகையாகவும் கூச்சலாகவும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். காட்டவேண்டியதில்லை. ஒரு மிருகத்தைக் கொல்ல எவ்வளவு பாடு, எவ்வளவு நேரம் என்று நம் உடம்புக்கு முதலிலேயே சொல்லிவிட்டார். தொடரைத் தடை செய்யச் சொல்லி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. சாஹ்னியே அதில் ஹர்நாம் சிங் என்ற முதியவராக நடித்திருக்கிறார். ராவல்பிண்டிக் கலவரத்தை நேரில் கண்டவர் அவர்.

அதே காலத்தில் போலந்து டி.வி.க்காகக் கீஸ்லோவ்ஸ்கி ‘டெக்கலாக்’ எடுத்தார். ஐந்தாம் பாகத்தில் யாசெக் என்ற இளைஞன் ஒரு டாக்ஸி டிரைவரைக் கயிற்றால் இறுக்கிக் கொல்கிறான். காரணம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. டிரைவர் சீக்கிரம் சாவதில்லை. கயிறு போதவில்லை, அடிக்கிறான், பிறகு கல். கட் வரும், கட் வரும் என்று நாம் காத்திருக்கிறோம், வருவதில்லை. எடிட்டர் எவா ஸ்மால் என்கிற அம்மணி. எங்கே வெட்டக்கூடாது என்று தெரிந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது கத்திரி எடுப்பதைவிடக் கஷ்டம். அடுத்த பாதியில் அரசாங்கம் அதே பையனைத் தூக்கில் போடுகிறது. கயிற்றைச் சரிபார்க்கிறார்கள், கீழே திறக்கிற கதவைச் சோதிக்கிறார்கள், அடியில் ஒரு தட்டை வைக்கிறார்கள். முதல் கொலைக்குக் கொடுத்த அதே பொறுமையைப் படம் இரண்டாவது கொலைக்கும் கொடுக்கிறது. மரண தண்டனை தவறு என்று யாரும் பேசி நமக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. இதன் நீண்ட வடிவம் 1988-இல் தனிப்படமாகத் தியேட்டருக்கு வந்தது. போலந்தில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டதும் அந்த வருஷம்தான். படத்தால் நின்றது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஊரே அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த படம்.

நீங்கள் சொல்கிற வெப் சீரிஸில் ஒரு கழுத்தறுப்பு இரண்டு வினாடி. ரத்தம் தெறிக்கும், இசை அடிக்கும், அடுத்த ஷாட்டில் ஹீரோ சிகரெட் பற்றவைப்பான். சாவதும் சுலபம், சாகடிப்பதும் சுலபம் என்று அது நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. எனக்கு ரத்தத்தைப் பற்றிப் புகார் இல்லை. புகார் அந்த இரண்டு வினாடியைப் பற்றித்தான்.

தி.ந., சேலம்: டி.வி.யில் இலக்கியம் வருமா? மாமியார், மருமகள், விஷப் பால் டம்ளர் என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

வந்திருக்கிறதே. பாலு மகேந்திரா சன் டி.வி.யில் ‘கதை நேரம்’ செய்தார், மறந்துவிட்டீர்களா? தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை எடுத்து, விளம்பர நேரம் போக மிஞ்சுகிற இருபது சொச்சம் நிமிடத்துக்குள் ஒவ்வொன்றாகப் படமாக்கினார். எழுதியவரும் அவர், காமிராவும் அவர், எடிட்டிங்கும் அவர். அரங்கம் போட்டு ஜோடிக்காமல் வாடகை வீடுகளிலும் தெருக்களிலும் எடுத்தார். அப்போது அவரிடம் உதவி இயக்குநராக இருந்தவர்களில் ஒருவர் வெற்றிமாறன். பின்னாளில் அவர் பூமணியின் ‘வெக்கை’யையும் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’பையும் தைரியமாகத் தொட்டதற்கு அந்தப் பட்டறையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ‘லாக்கப்’தான் ‘விசாரணை’. அதன் எடிட்டர் கிஷோருக்குத் தேசிய விருது கிடைத்தது, அவர் இறந்த பிறகு. சின்ன வயது. போகட்டும்.

டி.வி.க்கென்று ஒரு பலம் இருக்கிறது. சினிமா நம்மைத் தியேட்டருக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கிறது. டி.வி. வாரா வாரம் நம் வீட்டுக்கு வருகிறது. மேலே சொன்ன ‘டெக்கலாக்’ பத்துக் கதை, எல்லாம் வார்சாவில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கின்றன. ஒரு கதையின் நாயகன் இன்னொரு கதையில் லிஃப்ட்டில் போகிற யாரோ ஒருவன். நம் அபார்ட்மெண்டில் இருப்பது போலத்தான். பேசாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஒரு மனிதன் பெரும்பாலான பாகங்களில் வருகிறான். யார் என்று கடைசிவரை சொல்வதில்லை.

இரண்டாம் பாகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பெண்ணின் கணவன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான். அவள் வயிற்றில் இருப்பது இன்னொருவன் குழந்தை. கணவன் பிழைப்பான் என்றால் கருவைக் கலைத்துவிடுவாள், சாவான் என்றால் பெற்றுக்கொள்வாள். டாக்டரிடம் வந்து, பிழைப்பானா மாட்டானா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று நிற்கிறாள். அந்த வயதான டாக்டர் கடைசியில், சாவான் என்று சத்தியம் செய்கிறார். பிறகு ஒரு ஷாட். கட்டிலோரம் பழச்சாறு வைத்த கண்ணாடி டம்ளர். அதில் ஒரு குளவி மூழ்கிக்கொண்டிருக்கிறது. கரண்டியைப் பிடித்து வழுக்கி வழுக்கி மேலே ஏறுகிறது. படுத்திருக்கிற நோயாளி அதைப் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம். குளவி விளிம்புக்கு வந்துவிடுகிறது. கணவன் பிழைத்துக்கொள்கிறான். நம் ஊரில் இதைச் சொல்ல ஒரு நர்ஸ் ஓடிவந்து ‘டாக்டர்!’ என்று மூன்று கோணத்தில் கத்தவேண்டும்.

தினசரி சீரியல்காரர்களைத் திட்டி என்ன பயன், அவர்கள் ஒரு நாளில் ஒரு நாளைக்கான எபிசோடை எடுத்துத் தள்ளவேண்டும். முகத்தை மூன்று தடவை காட்டினால் அரை நிமிடம் நிரம்பும். நேரத்தை நிரப்புகிற வேலை அது.

அ.க., யாழ்ப்பாணம்: மெதுவாகப் போகிற படங்களை நான் 1.5 வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். கதை புரிகிறதே, என்ன குறை?

‘வீடு’ பார்த்திருக்கிறீர்களா? 1988-இல் வந்த பாலு மகேந்திராவின் படம். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுகிறார்கள், ஒரு பெண் கடன் வாங்கி வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். கதை அவ்வளவுதான். அவளுடைய தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். ஒருநாள் அவர் யாருக்கும் சொல்லாமல், வெயிலில், குடையோடு, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிறார். வசனம் கிடையாது. இளையராஜாவின் இசை மட்டும். கூரை இல்லாத அறைகளுக்குள் நுழைந்து நுழைந்து வருகிறார், சுவரைத் தடவிப் பார்க்கிறார். திரும்பி வீடு போய்ச் சேர்வதில்லை.

இதை நீங்கள் 1.5 வேகத்தில் ஓட்டினால் தாத்தாவுக்குப் பதினைந்து வயது குறைந்துவிடும். அந்த முழங்கால் எவ்வளவு நேரத்தில் ஒரு படி ஏறுகிறது என்பதுதான் காட்சி. கதை வேண்டுமென்றால் நான் மேலே இரண்டு வரியில் சொல்லிவிட்டேன், படமே பார்க்கவேண்டாம், உங்கள் டேட்டாவும் மிச்சம்.

ஃபிலிமில் வேலை பார்த்தபோது ஒரு நிமிடம் என்றால் 90 அடி. கையில் நீளமாகத் தொங்கும். நாலு ஃப்ரேம் கூட்டவேண்டுமென்றால் தொட்டியில் தொங்குகிற ட்ரிம்களில், அதாவது வெட்டி ஒதுக்கிய துண்டுகளில், அந்தத் துண்டைத் தேடிப் பிடித்து, டேப் போட்டு ஒட்டி, மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம், அதில் நாலு ஃப்ரேமுக்காக ராத்திரி ரெண்டு மணிவரை சண்டை போட்ட இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒரு பட்டனை அழுத்தி மூன்றில் ஒரு பங்கு நேரத்தைத் தின்றுவிடுகிறீர்கள். எழுந்து போங்கள், தூங்குங்கள், நாளைக்குப் பாருங்கள். வேகத்தை மட்டும் தொடாதீர்கள்.

ஆர்.எல்., திருநெல்வேலி: உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலில் காளியின் கையைப் புலி கடித்துவிடும். மகேந்திரன் படத்தில் லாரி ஏறிவிடுகிறது. புலிக்குச் செலவு அதிகம் என்பதாலா?

அதுவும் இருந்திருக்கலாம். ஆனால் லாரிதான் நல்ல யோசனை. புலி கடித்தால் காளி பாவம், விதி. படத்தில் அவன் வேலை போன ஆத்திரத்தில் குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறான். அவன் குணமே அவன் கையைத் தின்கிறது. மேலதிகாரியான எஞ்சினீயர்மீது அவனுக்கிருக்கிற கோபமும் அந்தக் கையோடு சேர்ந்துகொள்கிறது, கடைசிக் காட்சிவரை அந்தக் கோபத்தில்தான் கதை ஓடுகிறது. புலியின்மீது யார் கோபப்பட்டுக்கொண்டிருக்க முடியும்?

மகேந்திரன் அதற்கு முன் ‘தங்கப்பதக்கம்’ போல வசனம் கொட்டுகிற படங்களுக்கு எழுதிப் பேர் வாங்கியவர். வசனத்தால் சாப்பிட்டவர் வசனத்தைக் குறைத்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வசனம் எழுதத் தெரியாதவர்கள் மௌனப் படம் எடுப்பது வேறு.

பெ.சா., கடலூர்: ஒரு சிறுகதைக்கு வாசகர்கள் எழுதும் கடிதங்களால் ஏதாவது நடந்திருக்கிறதா? எங்களைப் போன்றவர்கள் எழுதி என்ன ஆகப்போகிறது?

நடந்திருக்கிறது, சாமான்யமாக அல்ல. 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழைக்கு ஒதுங்கி பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண், ஒரு கார், ஒரு முன்பின் தெரியாதவன். கெட்டுப்போய் வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். தமிழ்நாடே சண்டைக்கு வந்தது. அப்படி ஒரு தாய் இருப்பாளா என்று கேட்டார்கள், முடிவை மாற்றித் தாங்களே கதை எழுதிக்கூடப் பார்த்தார்கள்.

ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, நீங்கள் சொல்கிறபடியே அந்தத் தாய் தண்ணீர் ஊற்றவில்லை, கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம், அந்தப் பெண் என்ன ஆவாள் என்று தினமணி கதிரில் தொடராக எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல். அதில் ஒரு விஷமம் இருக்கிறது. நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். அவர் ஒரு பத்திரிகையில் எழுதிய கதையை நாவலின் நாயகி கங்கா படிக்கிறாள். அந்தக் கதைதான் ‘அக்கினிப் பிரவேசம்’! தன் தாய் ஊற்றாத தண்ணீரை யாரோ ஒருவன் கதையில் ஊற்றியிருப்பதை அவள் உட்கார்ந்து படிக்கிறாள். வெளிநாட்டில் இப்படிச் செய்தால் அதற்குப் பெரிய பெரிய பெயரெல்லாம் வைக்கிறார்கள். இங்கே அது வாரப் பத்திரிகையில், விளம்பரங்களுக்கு நடுவில், தொடர்கதையாக வந்தது.

1977-இல் ஏ. பீம்சிங் அதைப் படமாக்கினார், திரைக்கதை ஜெயகாந்தனே. லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. நாகேஷ்தான் அந்த எழுத்தாளர். ஒரு சிரிப்பு நடிகரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார் யோசனையோ, பிரமாதம்.

எங்கள் ஜாதிப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எடிட்டர் ஜாதியைச் சொல்கிறேன். பீம்சிங் சினிமாவுக்குள் நுழைந்தது கிருஷ்ணன்–பஞ்சுவிடம் உதவி எடிட்டராக. அவருடைய மகன்தான் எடிட்டர் லெனின். லெனினும் பல வருஷம் கழித்து ஜெயகாந்தனையே எடுத்துக்கொண்டு ‘ஊருக்கு நூறுபேர்’ செய்தார், சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கினார். அப்பாவும் பிள்ளையும் ஒரே எழுத்தாளரிடம் போனார்கள். இதில் முதல் கல்லைப் போட்டவர்கள் விகடனுக்குக் கோபமாகக் கடிதம் எழுதிய வாசகர்கள். ஆகையால் எழுதுங்கள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கட்டும். இந்த மாதம் கடலூர்க் கடிதத்தைப் படிக்க ஆசிரியர் குழுவில் மூன்று பேரைக் கூப்பிடவேண்டியிருந்தது.

எச்.எம்., ஆம்பூர்: புத்தகத்தை முதலில் படிக்கவேண்டுமா, படத்தை முதலில் பார்க்கவேண்டுமா?

எது முதலில் கையில் கிடைக்கிறதோ அது. எழுதியவரும் எடுத்தவரும் எந்த இடத்தில் அதிக நேரம் நின்றார்கள் என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பக்கத்தை ஒரே ஷாட்டில் தாண்டியிருப்பார்கள், ஒரே வரிக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருப்பார்கள். அந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால் ‘புத்தகம்தான் நன்றாக இருந்தது’ என்று கல்யாண வீட்டில் எல்லோரும் சொல்வதைச் சொல்லிக்கொண்டு திரியமாட்டீர்கள்.

செ.ம., புதுச்சேரி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போனில் சின்னச் சின்ன வீடியோ தவிர எதுவும் பார்ப்பதில்லை. நல்ல படங்களுக்குள் எப்படி இழுப்பது?

இழுக்காதீர்கள், முதலில். ‘மால்குடி டேஸ்’ தொடரில் சுவாமி வருகிற எபிசோடுகளைப் போட்டுவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். 1986-இல் சங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்தது. மழைக்குப் பேர்போன மலையூரை மால்குடியாக்கிவிட்டார். படங்கள் வரைந்தவர் ஆர்.கே. நாராயணின் தம்பி லக்ஷ்மண். அப்பா வேடத்தில் கிரிஷ் கர்னாட் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வையில் உங்கள் மகளுக்குச் சிரிப்பு வரும், உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். கதையைத் தேடித் தானே வந்தால் நாராயணின் புத்தகத்தைக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

நடுவில் எழுந்துபோனால் கூப்பிடாதீர்கள், நிறுத்தியும் வைக்காதீர்கள். பார்த்து முடித்ததும், இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடும்.